லீச்சிங்கின் எட்டு மடங்கு

"போதும் அத்தை, மத்தவங்க நிக்கறாங்க."

இந்த நான்கு சொற்களை ஒரு பெண் இரண்டு குளிர்காலம் நெஞ்சில் சுமந்தாள் என்றால் நம்புவீர்களா? எங்கள் கடற்கரை ஊரான சிகூவில் யாரும் நம்பவில்லை. பதினெட்டு வருடமாக அவளுக்கு அடுத்த மணையில் உட்கார்ந்து சிப்பி உடைக்கும் நானே முதலில் நம்பவில்லை.

அவள் பெயர் சாய் லீச்சிங். அப்போது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. அந்த நான்கு சொற்களைச் சொன்னவர் லுவோ, சுங்க இலாகாவில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்று தைனான் நகரத்தில் வசிப்பவர், வயது அறுபத்தாறு. அறுபத்தாறு வயதுக்காரர் தன்னை அத்தை என்று கூப்பிட்டதை லீச்சிங் அன்றே மன்னித்துவிட்டாள். ரப்பர் பூட்ஸும் சிப்பிச் சேறு படிந்த ஏப்ரனுமாக நிற்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவள் மன்னிக்காதது அந்தப் 'போதும்' என்ற ஒரு சொல்லை.

நடந்தது இதுதான். ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை பறவைச் சங்கத்தார் எங்கள் மீன்குளக் கரையில் பெரிய டெலஸ்கோப் ஒன்றை நட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கரண்டிவாயன்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நகரத்துக் குடும்பங்கள் வரிசையில் நின்றன. வேலை முடிந்து போன லீச்சிங்கும் கடைசியில் போய் நின்றாள். முப்பது குளிர்காலமாகச் சிப்பிக் கொட்டகை வாசலிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். எங்களுக்கு அவை எல்லாமே கொக்கு. அன்று அவள் குனிந்து கண்ணை வைத்தாள். வட்டத்துக்குள் ஒரு முகம் இருந்தது! முகமூடி போட்டதுபோல் கருப்பு முகம், சோற்றுக் கரண்டி மாதிரி நீண்ட அலகு. அது தண்ணீரை இடதும் வலதுமாகத் துழாவிற்று. சட்டென்று நின்றது. தலையை உயர்த்தியது. சிவந்த கண் நேராக லீச்சிங்கையே பார்த்தது. அலகின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு, தொங்கி...

"போதும் அத்தை."

அந்தச் சொட்டு விழுந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது.

அடுத்த மாதமே அவள் பறவைச் சங்கத்தில் சேர்ந்தாள். பன்னிரண்டு வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், சங்கத்துப் பச்சை மேலங்கியை மாட்டிக்கொண்டு டாக்டர்களுக்கும் பொறியாளர்களுக்கும் நடுவில் நின்றாள். எங்கள் கரைக்குத் தலைவர் யார் தெரியுமா? அதே லுவோ. சங்கத்தில் பத்து வருடம் தாண்டிய எல்லாரையும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் லுவோ வாத்தியார். அவர் லீச்சிங்குக்கு ஒரு பொறுப்புக் கொடுத்தார். தேநீர் ஊற்றும் பொறுப்பு! இரண்டாவது வருடம் அவளுடைய கையெழுத்து அழகாக இருப்பதைப் பார்த்து, எண்ணிக்கைத் தாளில் எழுதும் வேலையையும் சேர்த்துக் கொடுத்தார்.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு நாள் காலை எட்டிலிருந்து ஒன்பது மணிக்குள் எல்லாக் கரைகளிலும் ஒரே நேரத்தில் கரண்டிவாயன்களை எண்ணுவார்கள். அவர் எண்ணுவார், அவள் எழுதுவாள்.

"வாத்தியாரே, வர்ற ஜனவரியில நானும் எண்ணறேன்" என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"எதை வச்சு எண்ணுவீங்க அத்தை? வெறுங்கண்ணாலயா?"

"ஒண்ணு வாங்கிட்டு வந்தா?"

"வாங்கிட்டு வாங்க, பார்க்கலாம்" என்று சிரித்துவிட்டுப் போனார் அவர்.

'பார்க்கலாம்' என்றால் வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூட அது தெரியும். லீச்சிங்குக்கு மட்டும் அன்று தெரியாமல் போனது எப்படி? தெரிந்துகொள்ள மறுத்தாள், அவ்வளவுதான்.

கொட்டகையில் அவள் அதைச் சொன்ன காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"பைனாகுலரா? எதுக்குடி? பக்கத்து வீட்டுல என்ன சமைக்கறாங்கன்னு பார்க்கவா?" என்றாள் ஒருத்தி.

"வாங்கினா என் புருஷன் கரோக்கேல யார்கூடப் பாடறான்னு பார்த்துச் சொல்லு. உனக்கு ஒரு கூடை சிப்பி உடைச்சுத் தரேன்" என்றாள் இன்னொருத்தி.

"அதுக்கு பைனாகுலர் எதுக்கு? அவன் பாடறது இங்க வரைக்கும் கேக்குது" என்றேன் நான். கொட்டகையே சிரித்தது.

லீச்சிங் சிரிக்கவில்லை. கத்தி முனையைச் சிப்பியின் இடுக்கில் குத்தித் திருகினாள். "சிரிங்கடி. எனக்குச் சொந்தமா ஒண்ணு வேணும். யாரும் என்கிட்ட போதும்னு சொல்ல முடியாத ஒண்ணு வேணும்" என்றாள்.

அவளுடைய கணவன் கோ தியான்ஃபு பால்கெண்டை வளர்ப்பவன். நல்ல மனிதன், ஆனால் வாய் நீளம். "நம்ம குளத்து மீனைத் தின்னுட்டு அந்தப் பறவைங்க ஏப்பம் விடறதைப் பக்கத்துல வச்சுப் பார்க்கணுமா உனக்கு?" என்று குதித்தான். குளம் வடிந்தபின் மிஞ்சும் பொடிமீனைத்தான் அவை தின்கின்றன என்று அவனுக்கும் தெரியும். இருந்தாலும் குதித்தான். கடைசியில், வாங்குவதென்றால் இருப்பதிலேயே பெரிதாக வாங்க வேண்டும், அந்த நகரத்துக்காரர்கள் முன்னால் தலை குனியக் கூடாது என்று பிடித்துக்கொண்டான். லீச்சிங் அதற்கு ஒப்புக்கொள்ளாமல் போகவே, கடல் தெய்வமான மாட்சு தாயார் கோயிலுக்கு அவளை இழுத்துப்போனான்.

"தாயே, பெருசு வாங்கட்டுமா?" என்று கேட்டுப் பிறைக்கட்டைகளை வீசினான். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சரி என்று பொருள். இரண்டும் மல்லாந்து விழுந்தன. அப்படி விழுந்தால் தாயார் சிரிக்கிறாள் என்று பொருள். மறுபடி வீசினான். மறுபடி சிரிப்பு. மூன்றாவது தடவையும் அதேதான்.

"கேள்வி புரியலையோ என்னமோ" என்று தலையைச் சொறிந்தான் தியான்ஃபு.

"நல்லாப் புரிஞ்சிருக்கு. உன்னைப் பார்த்துத்தான் சிரிக்கறா" என்றாள் லீச்சிங்.

மறுநாள் தைனானில் கேமரா கடைக்குப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். கடைக்காரர் ஷியே, தேன் தடவிய நாக்கு.

"அக்காவுக்கா? பெண்களுக்குன்னே தனியா வந்திருக்கு, பாருங்க." உள்ளங்கையில் அடங்கும் ஒன்றை மடித்து விரித்துக் காட்டினார். ரோஸ் நிறம்.

"நான் பார்க்கப் போறது வெள்ளைப் பறவை. இந்தக் கலரு எதுக்கு?" என்றாள் லீச்சிங்.

"பெருசு காட்டுங்க" என்று மேஜையைத் தட்டினான் தியான்ஃபு. "இருக்கறதுலயே பெருசு!"

ஷியேயின் முகம் மலர்ந்தது. "இதுதான் ஐயா. பத்துலேர்ந்து முப்பது மடங்கு வரைக்கும் திருகிக்கலாம். நிலாவுல பள்ளம் தெரியும்."

"நிலாவுல கரண்டிவாயன் இருக்கா?" என்று கேட்டாள் லீச்சிங். பிறகு கண்ணாடி அலமாரியில் வரிசையாக இருந்தவற்றைப் பார்த்து, "அதுல ஒண்ணு, அதுல ஒண்ணு, அந்தச் சின்னதுல ஒண்ணு. இதையும் சேர்த்துக் குடுங்க. வெளிய எடுத்துட்டுப் போய்ப் பார்க்கணும்" என்றாள்.

"வெளிய குடுக்கறது இல்லையே அக்கா. இங்கயே பாருங்களேன், தெளிவாத் தெரியும்."

"உங்க சுவத்துல தொங்கற காலண்டரைப் பார்க்கவா நான் வாங்கறேன்? விளக்கு வெளிச்சத்துல எல்லாமே பளிச்சுனுதான் தெரியும். என் புருஷனை இங்க அடகு வச்சுட்டுப் போறேன். நான் திரும்பி வரலேன்னா நீங்களே வச்சுக்கோங்க."

"ஐயோ, சாப்பாடு யார் போடறது?" என்று ஷியே சிரித்துவிட்டார். சிரித்தவர் கொடுத்தும்விட்டார்.

கடைக்கு எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கோயில். கூரை முகட்டில் பீங்கான் டிராகன்கள். சாலையில் சிக்னல். சிவப்பு விளக்கில் தொண்ணூறிலிருந்து எண் இறங்கிக்கொண்டு வந்தது. லீச்சிங் முதலில் முப்பது மடங்கை எடுத்து டிராகன் மீசையைப் பிடித்தாள். விளக்கில் எண்பது வருவதற்குள் டிராகன் ஆட ஆரம்பித்துவிட்டது. எழுபதில் குதித்தது. அறுபதில் அதைக் கீழே இறக்கிவிட்டாள்.

அவளுடைய கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடம், பனியிலும் உப்பிலும், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் சிப்பி திருகிய மணிக்கட்டு அது. தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் தளும்பும். கோப்பை நடுங்கினாலே தேநீர் சிந்தும் என்றால், முப்பது மடங்கு பெரிதாக்கும் கருவியில் அந்த நடுக்கமும் முப்பது மடங்கு பெருகாதா? இதை எந்த வாத்தியாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுடைய கை சொன்னது.

பன்னிரண்டு மடங்கிலும் அதே கதை. பத்து மடங்கு முதலில் அருமையாக இருந்தது. எண் நாற்பதுக்கு இறங்கியபோது மணிக்கட்டு வலித்தது, டிராகன் குளிரில் நிற்பதுபோல் வெடவெடத்தது. அதோடு அவளுடைய மூக்குக்கண்ணாடி வேறு தடுத்தது, சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் ஓரமெல்லாம் இருட்டு.

கடைசியாக அந்தச் சின்னது, எட்டு மடங்கு. ரப்பர் விளிம்பை உள்ளே திருகி இறக்கிவிட்டு, மூக்குக்கண்ணாடியோடு சேர்த்துக் கண்ணில் வைத்தாள். முழு வட்டமும் தெரிந்தது, ஆனால் வலது கண்ணில் மட்டும் கலங்கல். உள்ளே ஓடிவந்தாள்.

"வலது பக்கம் தனியா ஒரு வளையம் இருக்கே, இது எதுக்கு?"

"அது... ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இல்லாதவங்களுக்கு. யாரும் தொடறதில்லை அக்கா."

"எந்த ஊர்ல ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டு மறுபடி வெளியே போனாள். வலது கண்ணை மூடி நடுச் சக்கரத்தைத் திருப்பினாள். பிறகு இடது கண்ணை மூடி அந்த வளையத்தைத் திருப்பினாள். இரண்டையும் திறந்தாள்.

டிராகன் அசையாமல் நின்றது! மீசை ஒவ்வொன்றும் தெரிந்தது. அது மட்டுமா? அந்த முகடு முழுவதும் தெரிந்தது. வலது ஓரத்தில் ஐந்து புறாக்கள் எழும்பி இடது ஓரத்தில் போய் உட்கார்ந்ததை, டிராகனிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் பார்த்தாள். தொண்ணூறிலிருந்து பூஜ்யம் வரை கை இறங்கவில்லை. அடுத்த சிவப்பு விளக்கும் வந்தது. அதிலும் இறங்கவில்லை.

"இதான்" என்றாள்.

"இது ஸ்கூல் பசங்க வாங்கறது அக்கா!" ஷியே பதறினார்.

"அப்ப ஸ்கூல் பசங்களுக்குக் கட்டற மாதிரியே கட்டிக் குடுங்க."

"ஏய் லீச்சிங்" என்று தியான்ஃபு காதருகே வந்து கெஞ்சினான். "அந்த ஆளுங்க பீரங்கி மாதிரி வச்சிருக்காங்க. நீ இந்தச் சுண்டைக்காயைத் தூக்கிட்டுப் போனா சிரிப்பாங்கடி."

"நல்ல சிப்பிக் கத்தி எது? சொல்லு."

"அது எதுக்கு இப்ப?"

"பெரிய கத்தியா? இல்ல. காலையில எடுத்தா சாயங்காலம் வரைக்கும் கையில நிக்கறதுதான் நல்ல கத்தி. என் கைக்கு எது நிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

மூன்று வாரச் சிப்பியின் கூலி அதற்குப் போயிற்று. பஸ்ஸில் வீடு வரை தியான்ஃபு அந்தச் சுண்டைக்காயையே முறைத்துக்கொண்டு வந்தான்.

அவன் சொன்னதுதான் நடந்தது. சிரித்தார்கள். "எட்டா? எட்டு மடங்குல எருமையை எண்ணலாம் அத்தை" என்றார் லுவோ. எங்கள் கரையின் இன்னொரு உறுப்பினர் ஜியாங், குழந்தை நீளத்துக்கு லென்ஸ் வைத்த புகைப்படக்காரர், "எனக்குக் குடுங்க, சாவிக்கொத்துல மாட்டிக்கறேன்" என்றார். லுவோ இன்னொன்றும் சொன்னார்: "ஜனவரியில நீங்க எழுதுங்க. அதுவும் பெரிய பொறுப்புதான்."

லீச்சிங் அழுதாளா? எனக்குத் தெரியாது. மறுநாள் கொட்டகையில் அவளுடைய கண் சிவந்திருந்தது. உப்பு பட்டுவிட்டது என்றாள். உப்பு எங்களுக்குப் புதிதா?

ஆனால் அன்று மதியமே சாப்பாட்டு நேரத்தில் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கரைக்குப் போனாள். அடுத்த நாளும் போனாள். இரண்டரை மாதம், ஒரு நாள் தவறாமல் போனாள். கொக்கு குத்தித் தின்னும், கரண்டிவாயன் பெருக்குவதுபோல் துழாவித் தின்னும், அதனால் முகம் தெரியாத தூரத்திலும் தலை ஆடுவதை வைத்தே பிரித்துவிடலாம் என்று கண்டுபிடித்தாள். தூங்கும்போது கரண்டிவாயன்கள் அலகை முதுகில் செருகிக்கொண்டு எல்லாம் ஒரே பக்கமாகக் காற்றைப் பார்த்து நிற்கும் என்று கண்டுபிடித்தாள். கொட்டகையில் நாங்கள் சிப்பியை ஐந்தைந்தாகத்தான் எண்ணிக் கூடையில் போடுவோம். அதே மாதிரி பறவையையும் ஐந்தைந்தாகப் பிடித்தாள். பறக்கும் கூட்டத்தைக்கூட.

ஜனவரி வந்தது. எண்ணும் நாள் வந்தது.

வடக்குக் காற்று முகத்தை அறுத்தது. எங்கள் கரையில் நான்கு பேர்: லுவோ, ஜியாங், லீச்சிங், மீன் கஞ்சி சுமந்துபோன நான். எண்ணிக்கைத் தாளில் கரையில் இருந்த எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும், கஞ்சி ஊற்றுகிறவள் உட்பட. அதுதான் சங்கத்தின் விதி. லுவோ தன் டெலஸ்கோப்பை நிறுத்தினார். ஒரு கையில் எண்ணும் கிளிக்கர். இடது மூலையில் தியான்ஃபுவின் குளத்து மதகு, நடுவில் மணல் திட்டு, வலதில் அலையாத்திப் புதர். மூன்றிலும் வெள்ளை வெள்ளையாகக் கூட்டம். அவர் இடதிலிருந்து ஆரம்பித்தார். கிளிக், கிளிக், கிளிக்.

"மதகுப் பக்கம் முப்பத்தொண்ணு" என்றார். லீச்சிங் எழுதினாள். எழுதிவிட்டுத் தன் எட்டு மடங்கைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

லுவோ நடுத் திட்டுக்குப் போனார். கண் டெலஸ்கோப்பில் ஒட்டியிருந்தது. அவருடைய உலகம் அந்தச் சின்ன வட்டம்தான். ஜியாங் குனிந்து கேமராவில் படங்களைத் தள்ளித் தள்ளி அழித்துக்கொண்டிருந்தார். நான் கஞ்சியைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாவி, நானும் பார்க்கவில்லை.

"நடுவுல நூத்து நாப்பது."

எழுதினாள்.

"வலது பக்கம் எழுபத்திரண்டு. ஆக இருநூத்து நாப்பத்து மூணு!" லுவோ நிமிர்ந்தார். குரல் தழுதழுத்தது. "இந்தக் கரையில இதுவரைக்கும் இவ்வளவு வந்ததே இல்லை. எழுதுங்க அத்தை, எழுதுங்க!"

லீச்சிங் எழுதவில்லை.

"வாத்தியாரே, வலது பக்கம் நாப்பத்தொண்ணுதான்."

"என்ன?"

"நீங்க நடுவுல எண்ணும்போது மதகுப் பக்கத்துக் கூட்டம் எழும்பிச்சு. தண்ணியை ஒட்டித் தாழ்வா சுத்திட்டு வலது பக்கம் போய் இறங்கிச்சு. முப்பத்தொண்ணும். அதுங்களை ரெண்டு தடவை எண்ணிட்டீங்க."

லுவோவின் முகத்தில் சிரிப்பு மெதுவாக வடிந்தது.

"எட்டு மடங்குல பறக்கற கூட்டத்தை எண்ணினீங்களா?"

"ஆறு அஞ்சு, மேல ஒண்ணு. எழும்பும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை எண்ணினேன்."

"பதினாறு வருஷமா இந்தக் கரையில எண்ணறேன் அத்தை!"

"எத்தனை வருஷம் ரெண்டு தடவை எண்ணினீங்களோ, யாருக்குத் தெரியும்?"

ஜியாங் கேமராவை மறந்து வாயைப் பிளந்தார். எனக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது. ஐயோ, என் லீச்சிங்கா இது? தேநீர் ஊற்றுகையில் தலை நிமிராத லீச்சிங்கா?

"பறவை அதிகமாயிருக்குன்னா சந்தோஷப்படுவீங்களா, அதை விட்டுட்டு..." லுவோ கோபத்தை அடக்கிக்கொண்டார். "எழுதுங்க. இருநூத்து நாப்பத்து மூணு."

அவள் பேனாவை மூடினாள்.

"எழுத மாட்டேன்."

"அப்ப பேனாவைக் குடுங்க, நானே எழுதிக்கறேன்."

"தாராளமா எழுதுங்க. ஆனா கீழ நாலு கையெழுத்து வேணும். என்னோடது வராது." தாளை நீட்டினாள். காற்றில் தாள் படபடத்தது. "என்னைத் தேநீர் ஊத்தச் சொன்னீங்க, ஊத்தினேன். எழுதச் சொன்னீங்க, எழுதினேன். என் கண்ணு பார்த்ததைப் பார்க்கலைன்னு எழுதச் சொல்லாதீங்க வாத்தியாரே. அதை நீங்க மட்டுமில்லை, மாட்சு தாயாரே வந்து சொன்னாலும் எழுத மாட்டேன். சங்கத்துலேர்ந்து எடுத்தாலும் சரி. இந்த மேலங்கியை இப்பவே கழட்டித் தரேன்."

உண்மையிலேயே பொத்தானில் கை வைத்துவிட்டாள்! அந்த மேலங்கியை அவள் எப்படித் துவைத்து மடித்து வைப்பாள் என்று எனக்குத் தெரியும்.

அப்போது பின்னாலிருந்து மொபெட் சத்தம். தியான்ஃபு! வாய் நிறைய வசவோடு வந்து இறங்கினான்.

"நாசமாப் போன பறவைங்க! லீச்சிங், நீ காரத்தூள் டப்பாவை வீட்டுலயே விட்டுட்டியேன்னு எடுத்துட்டு வந்தேன். மதகுகிட்ட வண்டியைத் திருப்பினேனோ இல்லையோ, கூட்டமா எழும்பி என் தலைக்கு மேலயே... பாரு! இதைப் பாரு!"

தொப்பியைக் கழற்றி நீட்டினான். தொப்பியின் நடுவில் வெள்ளையாக எச்சம், இன்னும் காயாமல்.

"எந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டார் லுவோ.

"எந்தப் பக்கமோ! அலையாத்திப் பக்கம். என் தொப்பிக்கு யார் பதில் சொல்றது, அதைச் சொல்லுங்க முதல்ல!"

ஜியாங் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். லுவோ சிரிக்கவில்லை. டெலஸ்கோப்பை மெதுவாக இடது பக்கம் திருப்பினார். மதகடியில் வெறும் தண்ணீரும் சேற்றில் கால்தடங்களும்தான் இருந்தன. வெகுநேரம் அந்த வெறுமையையே பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். கெட்ட மனிதரல்ல அவர். கெட்ட மனிதராக இருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

"அந்த... எட்டைக் கொஞ்சம் குடுங்க."

லீச்சிங் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். அவர் கண்ணில் வைத்தார். தலையைத் திருப்பாமலே பாதிக்கும் அதிகமான குளம் ஒரே பார்வையில் விழுந்திருக்க வேண்டும். "ஓ" என்றார். இன்னொரு தடவை "ஓ" என்றார். கண்ணை எடுக்கவே இல்லை. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

லீச்சிங் அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"போதும் வாத்தியாரே" என்றாள் நிதானமாக. "மத்தவங்க நிக்கறாங்க."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு வருடம்! இரண்டு வருடமாக நாக்கு நுனியில் காத்திருந்த சொற்கள்! லுவோ என்ன செய்தார் தெரியுமா? "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க" என்று இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். அவருக்கு எதுவும் நினைவில் இல்லை. எத்தனையோ பேருக்குச் சொல்லியிருப்பார், எதை நினைவில் வைத்துக்கொள்வார்? லீச்சிங்கின் முகத்தில் ஒரு கணம் ஏமாற்றம் ஓடியது. பிறகு அவளும் அதை விட்டுவிட்டாள்.

லுவோ கிளிக்கரைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். "ஒன்பது மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. நான் மறுபடி எண்ணறேன். நீங்க எட்டுல மொத்தக் குளத்தையும் பிடிச்சுக்கோங்க. ஒண்ணு நகர்ந்தாலும் கத்துங்க, லீச்சிங் அக்கா."

அக்கா! தியான்ஃபுவுக்கே அது காதில் விழுந்து, தொப்பியைத் துடைப்பதை நிறுத்தினான்.

அந்த முறை எதுவும் நகரவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு. முந்தின வருடத்தைவிட ஒன்பது குறைவு. தாளில் எண்ணியவர் என்ற கட்டத்தில் லுவோ தன் பெயரை எழுதினார். கீழே கொஞ்சம் இடம் விட்டுப் பேனாவை நீட்டினார். லீச்சிங் அங்கே தன் பெயரை எழுதினாள். கருவி என்ற கட்டத்தில் 'எட்டு மடங்கு' என்று, மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினாள்.

மறுநாள் கொட்டகையில் சாப்பாட்டு நேரத்தில் பைனாகுலர் வரிசையாகக் கைமாறியது. கரோக்கேக்காரனின் மனைவி முதலில், பிறகு மற்றவர்கள். கடைசியில் நான். தியான்ஃபுவின் குளம் வடித்துக் கிடந்தது. கரைக்கு மிகவும் பக்கத்தில் ஒரு கரண்டிவாயன் துழாவிக்கொண்டிருந்தது. லீச்சிங் எனக்குப் பின்னால் நின்று வலது பக்க வளையத்தை என் கண்ணுக்குத் தகுந்தபடி திருப்பித் தந்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

பறவை தலையை உயர்த்தியது. கருப்பு முகம். சிவந்த கண். அலகு நுனியில் ஒரு சொட்டு திரண்டது. கொட்டகையிலிருந்து மேஸ்திரி எங்களைக் கூப்பிட்டார், "இந்தப் பொம்பளைங்க எங்க போய்த் தொலைஞ்சாங்க?" என்று கத்தினார்.

"வரோம், இரு!" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினாள் லீச்சிங். "யூலான், நீ பாரு. அவன் கத்தட்டும்."

பார்த்தேன். சொட்டு நீண்டது, ஆடியது, தொங்கியது. பிறகு விழுந்தது.